வட்டத்தின் விண்ணப்பம்

விண்ணப்பத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் வட்டத்துக்குப் பயமாக இருந்தது.

குழந்தை வளர்ப்பு உதவித்தொகைக் கிளை அலுவலகத்தில் அவர் பத்தொன்பது வருஷமாகச் சரிபார்ப்பு எழுத்தர். அவர் கைக்கு வந்த எந்த விண்ணப்பமும் முதல் தடவையே தேறியது கிடையாது. தேதியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், பெயரில் ஓர் எழுத்து தள்ளாடும், கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். தவறு இருக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுவார். மூடியை வைத்து வரைந்ததுபோல அப்படி ஓர் உருண்டை. கீழே "திருத்தி அனுப்புக" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் அவருக்கு வட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவருடைய வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் தேதி, கையெழுத்து, பக்க எண், முத்திரை. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் மேற்கொண்டு படிப்பது நேர விரயம் என்பது அவர் கட்சி. மேலாளரின் விடுப்புக் கடிதம் மூன்று தடவை திரும்பியிருக்கிறது. தலைமை அலுவலகம் அனுப்பிய ஒரு சுற்றறிக்கையையே வட்டம் போட்டுத் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பியவர் அவர். மச்சினன் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்கு வட்டம் போட்டு அனுப்பியதில், மாமனார் வீட்டில் ஆறு மாதம் யாரும் அவரோடு பேசவில்லை. அவர் அதற்கெல்லாம் அசரவில்லை.

ஆனால் இன்றைக்கு முன்னால் கிடந்த விண்ணப்பத்தில் தந்தையின் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது, சம்பளப் பட்டியலில் இருக்கும் அதே பெயர்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. எடை குறைவு. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடுவாள். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். விடுப்பு முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். உதவித்தொகை வந்தால் மனைவி வேலைக்குப் போகவேண்டாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் அந்தத் துளியூண்டு குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

"கவலையே படாதே. இந்தத் தொகையை என் கையால வாங்கித் தர்றேன்" என்று ஆஸ்பத்திரியிலேயே மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"அக்கா, இதுல ஏதாவது தப்பு தெரியுதா?" என்று அலுவலகம் பெருக்கும் அக்காவிடம் கேட்டார். அந்த அக்காதான் அங்கே பெருக்குவது, டீ போடுவது, உறைக்குத் தபால்தலை ஒட்டுவது, தபால் நிலையத்துக்கு எடுத்துப்போவது எல்லாம்.

அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எங்க சார் தெரியும்? பாஸ் பண்ணி விடுங்க."

"என் ஃபாரத்தை நானே முதல் தடவையில பாஸ் பண்ணினா ஊர் என்ன பேசும்?"

"ஊருக்கு வேற வேலை இல்லையா சார்?"

மத்தியானம்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கடைசியில் அகப்பட்டது. விண்ணப்பத்தில் வீட்டு எண் பதினான்கு. பிறப்புச் சான்றிதழில் பதினான்கு-அ. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆசை தீர ஒரு வட்டம் போட்டு, முத்திரை குத்தி, விதிப்படி தபாலில் தன் வீட்டுக்கே அனுப்பினார்.

மூன்றாம் நாள் மாலை வீடு திரும்பியபோது மனைவி உறையைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள்.

"யாருங்க இந்தக் கிறுக்கன்? 'அ' இல்லைன்னு திருப்பி அனுப்பியிருக்கான்."

"நான்தான்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இது எதுக்குங்க இவ்வளவு பாடு? நான் ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

"ஃபாரத்தைப் பத்தியா?"

"ஆமா."

"வாய்மொழியா சொன்னா செல்லாது. எழுத்துல கொடு."

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தன் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கைதான் அந்தச் சிரிப்பு என்று வட்டம் எடுத்துக்கொண்டார்.

'அ'வைச் சேர்த்தால் விஷயம் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. முகவரி மாறிய விண்ணப்பம் என்றால் கள ஆய்வு அதிகாரி வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்பது விதி. கள ஆய்வு அதிகாரி ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது. இடம் நிரப்பப்படவில்லை. கூடுதல் பொறுப்பு வட்டத்திடம்தான் இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பதிவேட்டில் "கள ஆய்வு" என்று எழுதிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குப் போய் மணி அடித்தார்.

மனைவி கதவைத் திறந்தாள். "என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"ஆபீஸ் வேலையா வந்திருக்கேன். விண்ணப்பதாரர் வீடு இதுதானா?"

அவள் பையையும் பார்த்தாள், பையிலிருந்து தலைநீட்டிய சிவப்புப் பேனாவையும் பார்த்தாள். "இதுதான். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, ஆபீசர்."

அவர் தன் நாற்காலியில் உட்காராமல் விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். "குழந்தையின் தாய் நீங்கதானா?"

"பத்து மணி நேரம் நான் வலியில கத்தினப்போ வெளியில பெஞ்சுல உக்காந்து ஃபாரம் நிரப்பிக்கிட்டிருந்தீங்களே, மறந்துபோச்சா?"

"ஆமாவா இல்லையான்னு மட்டும் சொன்னா போதும்."

"ஆமா."

"குழந்தையின் தந்தை வீட்டில் இருக்காரா?"

அவளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "இல்லீங்க. ஆபீஸ் போயிருக்கார்."

"எப்ப வருவார்?"

"ஆறு மணிக்கு வருவார். வந்தும் பிரயோசனம் இல்லீங்க. ஃபாரத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்துடுவார்."

'ஆய்வின்போது தந்தை வீட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டார். உள்ளதைத்தானே எழுதவேண்டும்? அடுத்த கேள்வி, இந்தக் குழந்தைக்கு இதற்குமுன் உதவித்தொகை பெறப்பட்டுள்ளதா என்பது. அதற்கு அவளைக் கேட்கத் தேவையில்லை. தனக்குத் தெரியாதா என்ன? தானே 'இல்லை' என்பதில் குறி போட்டார்.

"அதைப் பத்தித்தாங்க நான் அன்னைக்கே..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"கேள்வி முடிஞ்சுது. இங்க ஒரு கையெழுத்து."

தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு காலை உதைத்தது. அவருக்குத் தூக்கவேண்டும்போல இருந்தது. கைகூட நீண்டது. ஆய்வு அதிகாரி விண்ணப்பதாரரின் குழந்தையைக் கொஞ்சினால் சலுகை காட்டியதாக ஆகுமே என்று இழுத்துக்கொண்டார். வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் தன் மேசையில் உட்கார்ந்து, கள ஆய்வு அதிகாரியின் அறிக்கையைச் சரிபார்ப்பு எழுத்தராகப் படித்தார். தந்தை வீட்டில் இல்லையாமே! சந்தேகத்துக்கு இடமான குடும்பம்தான். வட்டம் போட்டுவிட்டுத்தான் அது யார் குடும்பம் என்று அவருக்கு உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேலாளர் ஓய்வுபெற நான்கு மாதம் பாக்கி. அதுவரை தினமும் செய்தித்தாளில் குறுக்கெழுத்து போடுவது என்று முடிவுசெய்திருந்தார்.

"வேலை நேரத்துல ஒரு மனுஷன் வீட்ல இல்லாதது ஒரு குத்தமாப்பா?" என்றார்.

"ஆய்வறிக்கையில இருக்கே சார்."

"எழுதினது நீதானே?"

"அப்போ நான் அதிகாரி சார்."

"இப்போ?"

"இப்போ பாதிக்கப்பட்ட தகப்பன் சார்."

மேலாளர் பேனாவை மூடினார். "சரி, என்னதான் பண்ணணும்?"

"நான் ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்ல தகப்பனா இருக்கேன். நீங்க வந்து ஆய்வு பண்ணணும்."

மேலாளருக்கு முழங்கால் வலி. போகமாட்டேன் என்று இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தார். வட்டம் விடவில்லை. காலையில் ஒரு தடவை, டீ வந்ததும் ஒரு தடவை என்று போய் நின்றார். அவருக்கும் வேறு வேலை இல்லை. மேசையில் இருக்கும் பச்சைத் தட்டில் இப்போதெல்லாம் விண்ணப்பம் விழுவதே அபூர்வமாகிவிட்டது. தன் வட்டத்துக்குப் பயந்து பொய்யான ஆட்கள் ஒழிந்துவிட்டார்கள் என்று அவர் நம்பினார். அக்கா தினமும் தட்டைத் தூக்கி அடியில் துடைத்து வைப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒருவழியாக மேலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். பார்த்து வந்தாரோ என்னவோ, மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரம். மணிச் சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. வட்டம் ஓடிப்போய்த் தூக்கினார். தலையை எந்தக் கையில் தாங்குவது என்று தெரியவில்லை. கையை மாற்ற மாற்ற அழுகை உச்சத்துக்குப் போனது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது.

"இங்க கொடுப்பா" என்று மேலாளர் வாங்கிக்கொண்டார். மூன்று பிள்ளைகளை வளர்த்த கை. குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி, அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்து, பொக்கை வாயால் சிரித்தது.

மேலாளருக்கு வருஷக் கணக்கில் ஓர் ஆய்வறிக்கை எழுத வாய்ப்புக் கிடைக்கவில்லை. அனுபவித்து எழுதினார். 'தந்தை தூக்கியபோது குழந்தை அழுதது. ஆய்வு செய்தவர் தூக்கியபோது சிரித்தது. தந்தை யார் என்பதில் குழந்தைக்குத் தெளிவில்லை.'

"சார், இதைப் போய்..."

"உள்ளதை உள்ளபடி எழுதணும்னு நீதானேப்பா சொல்லுவே?" என்று மேலாளர் படியிறங்கிப் போனார்.

வட்டத்துக்கு அந்தக் கடைசி வரி நெஞ்சில் தைத்தது. அதற்கு அவரால் வட்டம் போட முடியவில்லை. அன்று சாயங்காலம் அவர் விண்ணப்பத்தைப் பிரிக்கவேயில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விரலை நீட்டினார். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளில் மகளைத் தூக்கியதைவிட விண்ணப்பத்தைத் தூக்கியதுதான் அதிகம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

"என்னை இவளுக்குத் தெரியலையே" என்றார் மனைவியிடம்.

"தூக்கினாத்தானே தெரியும்? இப்படித் தலைக்கு அடியில கையைக் கொடுங்க. ம், அவ்வளவுதான்." குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, அந்த ஃபாரத்தை விட்டுடுங்களேன். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"வேண்டாம், நீ ஒண்ணும் சொல்லாதே. உன் கஷ்டம் எனக்குத் தெரியும். நாளைக்கே முடிச்சுடறேன்."

"நான் சொல்ல வந்தது..."

"ஷ்ஷ். தூங்கறா பாரு."

மறுநாள், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வட்டம் குறை உள்ள ஒரு விண்ணப்பத்தில் "அனுமதிக்கலாம்" என்று எழுதினார். திருட்டுத்தனம் செய்வதுபோல் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். மேலாளர் படிக்காமலே தன் கையெழுத்தையும் போட்டார்.

அக்கா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வட்டம் இல்லாத தபாலா சார்? ஒட்டட்டுமா, வேண்டாமா?"

"ஒட்டுங்க அக்கா, ஒட்டுங்க. மனசு மாறறதுக்குள்ள."

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் பத்தாம் நாள் வந்தது. மனைவியின் விடுப்பு முடிய இன்னும் ஒரே நாள். அக்கா உறையை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பெருக்க ஆரம்பித்தாள். வட்டம் அவசரத்தில் தன் முறையையே மறந்து, தேதி, முத்திரை எதையும் பார்க்காமல் நேராக விஷயத்தைப் படித்தார்.

'மேற்படி குழந்தைக்குப் பிறந்த மாதம் முதலே, மகப்பேறு மருத்துவமனையில் கட்டிலருகே செய்யப்பட்ட பதிவின்படி, தாயின் கணக்கில் உதவித்தொகை செலுத்தப்பட்டு வருகிறது. அதே குழந்தைக்குத் தந்தை மீண்டும் கோரியிருப்பது இரட்டைக் கோரிக்கையாகும். எனவே இக்கடிதத்துக்குத் தங்கள் அலுவலகத்தின் ஒப்புகை கிடைத்ததும், தாய்க்குச் செலுத்தப்படும் தொகை நிறுத்தப்படும். தங்கள் சரிபார்ப்பு எழுத்தர் விண்ணப்பதாரரை விசாரித்து அறிக்கை அனுப்பவேண்டும்.'

இரண்டு தடவை படித்தார். போனை எடுத்தார்.

"உனக்கு உதவித்தொகை வருதா?"

"வருதே" என்றாள் மனைவி. "பிறந்த மறுநாளே நர்ஸ் வந்து கட்டில் பக்கத்துல நின்னு நாலு கேள்வி கேட்டாங்க. போன்லயே பதிஞ்சுட்டாங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எத்தனை தடவை சொல்ல வந்தேன்? எழுத்துல கொடுன்னீங்க. கேள்வி முடிஞ்சுதுன்னீங்க. கடைசியில குழந்தை தூங்குதுன்னீங்க."

"சரி, நாளைக்குக் கடைக்குப் போகணுமே..."

"போன மாசமே வரலைன்னு சொல்லிட்டேனே. அவர் வேற ஆளைக்கூடப் போட்டாச்சு. அதான் பணம் வருதில்ல. ஏங்க, எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணும் இல்லை" என்று போனை வைத்தார்.

மனைவிக்கு இருந்த வேலை போய்விட்டது; பணமும் நின்றால் அவள் வேறு வேலை தேடிப் போகவேண்டும். வந்துகொண்டிருந்த பணத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வாங்கியவர் அவரேதான். இந்தக் கடிதத்துக்கு ஒப்புகை போட்டு அனுப்பவேண்டியவரும் அவரேதான். விசாரிக்கவேண்டியவர் அவர், விசாரிக்கப்பட வேண்டியவரும் அவர். அவர் மடியில் தூங்க இப்போதுதான் பழகியிருந்தாள் மகள். தலையை இடது கையில் தாங்கினால் அழுவதில்லை. அவளைக் காப்பகத்தில் கொண்டுபோய் விடப்போவது தன் கையால்தான்.

கடிதத்தை மறுபடி எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை தன் முறைப்படி பார்த்தார். தேதி இருந்தது. கையெழுத்து கட்டத்துக்குள் இருந்தது. முத்திரை இருந்தது. முதல் பக்கத்தில் எண் ஒன்று. தாளைத் திருப்பினார்.

இரண்டாம் பக்கத்தில் எண் இல்லை.

வட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். எண் இருந்திருக்கவேண்டிய வெற்றிடத்தைச் சுற்றி, தன் வாழ்நாளிலேயே அழகான வட்டத்தைப் போட்டார். "திருத்தி அனுப்புக" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஒப்புகைத் தாளை வெறுமையாகவே இணைத்து உறையில் போட்டார். கையோடு தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதி, அதை மூன்று தடவை சரிபார்த்து, அதையும் உள்ளே வைத்து ஒட்டினார். இனி அங்கிருந்து திருத்தி அனுப்பமாட்டார்கள். அவர்கள் பழக்கம் அவருக்குத் தெரியும்.

"இந்தாங்க அக்கா. இன்னைக்கே போகணும்."

அக்கா உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவருக்கு உயிர் வந்துவிட்டது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது.

"பார்த்தீங்களா அக்கா அநியாயத்தை? ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துலயே பதியறாங்களாம். இது எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு வருஷமா நடக்குது சார். என் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டுக்கும் அப்படித்தான் வருது. ஊருக்கே அப்படித்தான் வருது."

வட்டம் பச்சைத் தட்டைப் பார்த்தார். அது துடைத்து வைத்த மாதிரியே காலியாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு, இந்த மேசையில உக்காந்திருக்கிற எனக்குத் தெரியலை! இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவங்க எனக்கு ஒரு வார்த்தை தெரிவிக்க வேண்டாமா?"

அக்கா தட்டைத் தூக்கி, அடியில் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"தெரிவிச்சாங்களே சார். ரெண்டாவது பக்கத்துல நம்பர் இல்லைன்னு வட்டம் போட்டு, அந்தச் சுற்றறிக்கையைத் திருப்பி அனுப்பச் சொன்னீங்க. நான்தானே ஸ்டாம்ப் ஒட்டினேன்."